சுருதி சேர்க்க வேண்டாத வித்வான்

வாரும், கீபோர்டு வித்வானே. பெட்டியைப் பிரித்து, தெர்மோகோலை எடுத்துப் போட்டு, உம்மை ஸ்டாண்டின் மேல் ஏற்றியாயிற்று. அடாப்டரின் 12 வோல்ட் முனையை முதுகில் சொருகினால் போதும். வேறெந்தப் பணிவிடையும் நீர் கேட்பதில்லை. ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு முதலில் உம்மையும் கடைசியில் ஆம்ப்ளிஃபயரையும் ஆன் செய்ய வேண்டும். அணைக்கும்போது ஆம்ப்ளிஃபயர் முதலில். ஸ்பீக்கர் கெடாமல் இருக்க இந்த ஒரு ஒழுங்கைத்தான் எதிர்பார்க்கிறீர். சில விநாடிகளில் திரையில் 001 என்ற எண்ணும் ஒரு பியானோவின் பெயரும் வந்து நிற்கின்றன. 61 கட்டைகளும் தயார். பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல் வரைக்கும் இந்தத் தாமிரபரணிக் கரையில் இவ்வளவு சீக்கிரம் வாசிக்கத் தயாராகிற வித்வான் வேறு ஒருவரும் இல்லை.

நாயனக்காரர் வந்தால் முதலில் சீவாளியோடு மல்லுக்கட்டுவார். கொறுக்கைத் தட்டையில் செய்த அந்தச் சிறு துண்டை வாய் ஈரத்தில் ஊறவைத்து, ஊதிப் பார்த்து, சரிப்படாவிட்டால் குழலில் கொத்தாகத் தொங்குகிற மற்ற சீவாளிகளில் ஒன்றை எடுத்து மாட்டுவார். மழைக்காற்றுக்கு ஒன்று ஒத்துவரும், சித்திரை வெயிலுக்கு இன்னொன்று. தவில்காரர் வாரை இழுத்துத் தோலை முறுக்கி, வலது கை விரல்களுக்குக் கூடு மாட்டி முடிக்க இன்னும் நேரமாகும். கணியான் கூத்துக்காரர்கள் உச்ச மகுடம், மந்த மகுடம் என்ற இரண்டு தோல்கருவிகளையும் தீயில் காட்டிக் காய்ச்சி, தட்டித் தட்டிக் காதால் பார்ப்பார்கள். சிறுபிள்ளைகள் அந்தத் தீயைச் சுற்றி நிற்பார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து உட்கார்ந்து, போன கோயில் கொடைவிழாவில் கதை எந்த இடத்தில் நின்றுபோனது, இந்த வருஷம் எதை விடாமல் படிக்க வேண்டும் என்று சொல்லுவார். பாடவந்த அண்ணாவி கேட்டுக்கொள்வார். உம்மால் அந்த நேரம் அவ்வளவும் மிச்சம். தோல் காய வேண்டாம், யாரும் காத்திருக்க வேண்டாம், பெரியவரும் எதையும் சொல்ல வேண்டாம்.

உமக்குச் சுருதி சேர்க்கும் வேலையும் கிடையாது. நடு ஸ்தாயியின் 'ஏ' 440 ஹெர்ட்ஸ். தொழிற்சாலையிலிருந்து வந்த அன்றும் 440, பத்து வருஷம் கழித்தும் 440. ஐப்பசி அடைமழையில் மிருதங்கம் பதம் இழக்கும், வயலின் தந்தி இறங்கும், நீர் அசையமாட்டீர். பாடுகிறவருக்குத் தொண்டை கட்டியிருந்தால் டிரான்ஸ்போஸ் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் போதும், அரைச் சுருதி இறங்கிவிடுகிறீர். பாளையங்கோட்டைத் தேவாலயங்களுக்கு இந்தக் குணத்தின் அருமை தெரியும். 1774-இல் திருநெல்வேலியில் பிறந்த வேதநாயக சாஸ்திரியார் எழுதியது போன்ற கீர்த்தனைகளைச் சபை முழுவதும் சேர்ந்து பாடும்போது, கிழவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒருங்கே எட்டுகிற சுருதியைத் தேடிப் பிடிக்க உம்மைப் போல உதவுகிறவர் இல்லை. இந்த ஓர் உதவிக்கு, உள்ளே முள் எதுவும் வைக்காமல் நன்றி சொல்கிறேன்.

சுருதி சேர்க்க வேண்டாத பெருமையில் உமக்கு முன்னோர் இங்கே உண்டு. நெல்லையப்பர் கோயில் மணிமண்டபத்து இசைத்தூண்கள். நடுவில் ஒரு பெருந்தூண், அதைச் சூழ 48 சிறு தூண்கள், எல்லாம் ஒரே கல். ஒவ்வொன்றின் தடிமனுக்கும் நீளத்துக்கும் ஏற்பத் தட்டினால் ஒவ்வொரு ஒலி. உளி ஒரு நூல் கூடுதலாக இறங்கியிருந்தால் அந்தச் சுரம் போயிருக்கும். செதுக்கிய கல்லைத் திரும்ப ஒட்ட முடியாது. ஆகவே அதைச் செய்தவன் ஒவ்வொரு அடிக்கும் நின்று கேட்டிருக்க வேண்டும். பிற்காலத்தில் யாரும் சுருதி சேர்க்க வேண்டாதபடி, சேர்க்கும் வேலை முழுவதையும் ஒரு மனிதனின் காது முன்கூட்டியே செய்து முடித்திருக்கிறது. உமக்கு அந்த வேலையைச் செய்தது உள்ளே அதிர்கிற ஒரு படிகத் துண்டு. அதற்குக் காது தேவைப்படவில்லை. அவ்வளவு எளிதாக முடிந்தது உம்முடைய காரியம்.

உம்முடைய பாட்டனார் ஹார்மோனியம் பட்ட பாட்டை நீர் படவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து வந்து, நாடகக் கொட்டகை, பஜனை மடம், கடைசியில் வில்லுப்பாட்டு மேடை வரைக்கும் ஏறி உட்கார்ந்தவர் அவர். எட்டயபுரத்து பாரதி அவரைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். அகில இந்திய வானொலி 1940-இல் அவரை வாசலோடு நிறுத்தியது. 1971-இல்தான் கதவு ஓரளவு திறந்தது. பெரிய குற்றச்சாட்டு ஒன்றுதான்: ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவில் இருக்கிற ஒலி அவரிடம் இல்லை என்பது. உம்முடைய கட்டைகளும் அதே கட்டைகள்தாம். ஆனால் உம்மைக் கண்டித்து ஒரு பாரதியும் எழுதவில்லை, எந்த வானொலியும் தடுக்கவில்லை. பாட்டனார் வந்தபோது அந்தக் குறையைக் கேட்டுக் கோபப்படுகிற காதுகள் நிறைய இருந்தன. நீர் நல்ல நேரம் பார்த்து வந்தீர்.

வந்த வழியும் பெருமைக்குரியதுதான். 1964-இல் அமெரிக்காவில் ராபர்ட் மூக் கம்பிகளும் குமிழ்களுமாகச் செய்த சிந்தசைசர் ஒரு சுவரை அடைத்துக்கொண்டு நிற்கக்கூடியது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் 1967-இல், ஓர் அலையைக் கொண்டு இன்னோர் அலையின் அதிர்வெண்ணை ஆட்டினால் மணி, பித்தளை, மரம் என்று பல ஓசைகள் பிறக்கும் என்று கண்டார். அந்தக் கணக்கை யமஹா 1983-இல் டிஎக்ஸ்7 என்ற கீபோர்டுக்குள் வைத்தது. அதே ஆண்டில் மிடி என்ற பொது மொழி வந்தது. எந்தக் கம்பெனிக் கீபோர்டும் இன்னொரு கம்பெனிக் கருவியோடு பேசலாம் என்றானது. மூன்றே வருஷத்தில், 1986-இல், 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா கணினி வழியாக இசை செய்தார். 1992-இல் 'ரோஜா' வந்த பிறகு தமிழ்நாட்டில் உம்முடைய குரல் கேட்காத டீக்கடை இல்லை. அந்தப் படங்களில் உம்மைக் கையாண்டவர்கள் ஓசைகளைப் பிரித்துப் பார்த்து, அட்டாக், டிகே, சஸ்டெய்ன், ரிலீஸ் என்று ஒரு சுரம் எழுந்து தணிந்து நின்று மறைகிற நான்கு நிலைகளையும் தாங்களே செதுக்கிப் புதுக் குரல்களை உண்டாக்கினார்கள். இங்கே கல்யாண மண்டபத்துக்கும் கொடை மேடைக்கும் வருகிற உம்மிடம் அந்தச் சிரமத்தை யாரும் எதிர்பார்ப்பதில்லை. தொழிற்சாலையில் வைத்துக் கொடுத்த நூற்றுக்கணக்கான குரல்கள் வரிசையாக நிற்கின்றன. எண்ணைத் தட்டினால் வரும்.

இந்தியாவுக்கென்றே செய்த மாடல்களில் சிதார் உண்டு, தபலா உண்டு, ஷெனாய் உண்டு. எங்கோ ஒரு ஸ்டூடியோவில் எவரோ வாசித்த சுரங்களைப் பதிந்து, நறுக்கி, உம்முடைய நினைவில் அடுக்கியிருக்கிறார்கள். விரல் கட்டையை அழுத்தும் வேகத்தை 1 முதல் 127 வரை அளந்து, மெல்ல அழுத்தினால் மெல்லவும் ஓங்கி அழுத்தினால் ஓங்கியும் அதைத் திருப்பிச் சொல்கிறீர். ஊதியவருக்குக் கூலி ஒரே ஒருமுறைதான். அன்று அவர் எடுத்த மூச்சு இன்றைக்கும் உமக்குள் தீராமல் இருக்கிறது. ஆயிரம் கல்யாணத்துக்கு அதே மூச்சு, அதே தொடக்கம், அதே முடிவு.

சேரன்மகாதேவியை அடுத்த காருகுறிச்சியில் 1921-இல் பிறந்த அருணாசலம் இந்த வசதி இல்லாமல் வாழ்ந்தவர். நாயன வித்வான் ராஜரத்தினம் பிள்ளையிடம் சிஷ்யனாகச் சேர்ந்து, குருவின் பக்கத்தில் நின்று, ஊதுவதற்கு முன்னால் கேட்கப் படிக்க வேண்டியிருந்தது. 1962-இல் 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு அவருடைய நாயனம் போட்டியாகவும் துணையாகவும் போன பாட்டை இன்றைக்கும் கேட்கிறோம். குரல் போகிற இடமெல்லாம் குழல் போகிறது. ஓரிடத்திலும் படி ஏறி இறங்கவில்லை, எல்லாமே வழுக்கிக்கொண்டு போகிற வழி. 1964-இல் அவர் போய்விட்டார். அவருடைய வாசிப்பில் மூச்சு தீர்ந்து திரும்ப எடுக்கிற இடம் இருக்கிறது, உதடு இறுகுகிற இடம் இருக்கிறது, ஒரே சங்கதியை இரண்டாம் தடவை வாசிக்கும்போது அது வேறாகிவிடுகிறது. இந்த மாதிரித் தடுமாறும் சாத்தியம் எதுவும் உம்மிடம் இல்லை. ஷெனாய் என்று எழுதிய எண்ணை அழுத்தினால், முதல் தடவையும் நூறாவது தடவையும் நீர் ஒரே ஆள்.

திருநெல்வேலியின் அம்மனை வைத்தே உம்மைப் புகழ வேண்டும். முத்துசுவாமி தீட்சிதர் காந்திமதி அம்மன் மேல் ஒரு கீர்த்தனை செய்திருக்கிறார், ஹேமவதி ராகத்தில். ஏழு சுரமும் உம்மிடம் பிசகில்லாமல் இருக்கின்றன. வெள்ளை, வெள்ளை, கறுப்பு, கறுப்பு, வெள்ளை, வெள்ளை, கறுப்பு, மறுபடி மேல் ஸட்ஜம் வெள்ளை. சி-யில் தொடங்கினால் விரல் அப்படித்தான் போகும். ஒவ்வொரு கட்டையின் அதிர்வெண்ணும் முந்தையதைப்போல் 1.0595 மடங்கு, பன்னிரண்டு கட்டைக்கு ஒருமுறை சரியாக இரட்டிப்பு. எந்தக் கணக்கு வாத்தியாரும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஹேமவதியின் காந்தாரம் அந்தக் கறுப்புக் கட்டையில் குடியிருப்பதில்லை. ரிஷபத்திலிருந்து எழுந்து, ஆடி, மத்யமத்தின் நிழல்வரை போய்த் திரும்புகிற அந்தப் போக்குவரத்துதான் ராகம். பாடகர் அந்த வழியில் நடக்கிறார். நீர் வழியின் இரண்டு முனைகளையும் துல்லியமாகக் காட்டிவிட்டு, நடுவில் நடக்கிற அலைச்சலை எங்களுக்கு இல்லாமல் செய்துவிடுகிறீர்.

அலைய விரும்புகிறவருக்கும் நீர் வழி வைத்திருக்கிறீர் என்பதையும் சொல்ல வேண்டும். இடது ஓரத்தில் பிட்ச் பெண்ட் சக்கரம். மிடிக் கணக்கில் அதற்கு 16,384 படிகள். வழக்கமாக மேலே இரண்டு அரைச் சுரம், கீழே இரண்டு அரைச் சுரம் வளைக்கும். கையில் பொறுமையும் காதில் ராகமும் உள்ளவர் அதைத் திருப்பித் திருப்பி ஒரு கமகத்தைக் கிட்டத்தட்டக் கொண்டுவந்துவிடலாம். கே. சத்தியநாராயணன் சிறுவயதிலிருந்தே கர்நாடக இசையைக் கீபோர்டில் முழுக் கச்சேரியாக வாசித்து, 'கீபோர்ட் சத்யா' என்றே பெயர் வாங்கினார். உம்மால் முடியாது என்று எல்லோரும் சொன்னதை ஒரு பிள்ளை உம்மிடமிருந்தே பிடுங்கிக் காட்டினான். எங்கள் மேடைகளில் மட்டும் அந்தச் சக்கரம் தொடப்படாமல் பளபளவென்று இருக்கிறது. ஸ்டைல் என்கிற தானியங்கிப் பின்னணியை ஓடவிட்டால் இடது கை கார்டு பிடிக்கப் போய்விடுகிறது. வலது கை மெட்டு வாசிக்கிறது. சக்கரத்துக்குக் கை மிச்சமில்லை. இரண்டு கைக்கும் இப்படி வேலை கொடுத்துவைக்கிற உம்முடைய பெருந்தன்மையால், வளைவு வேண்டும் என்ற ஆசையே ஒருவருக்கும் வருவதில்லை.

பிள்ளைகளிடம் நீர் காட்டுகிற அன்புக்கு ஈடு கிடையாது. பாளையங்கோட்டையில் இருக்கிற அரசு இசைப்பள்ளியில் நாயனமும் தவிலும் மூன்று ஆண்டுப் படிப்பு. நாயனம் கற்கிற பையனுக்கு ஆரம்பத்தில் சத்தமே சரியாக வராது. காற்றுதான் வரும், பிறகு ஒரு கீச்சொலி, பிறகு எப்போதோ ஒரு ஸட்ஜம். அந்த ஸட்ஜம் வந்த அன்று அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். நீர் அவனை அப்படிக் காக்க வைப்பதில்லை. ஸ்டைல் பொத்தான், ஒற்றை விரல் கார்டு, சிங்க் ஸ்டார்ட். இந்த மூன்றையும் அமுக்கிவிட்டு ஐந்து வயதுக் குழந்தை ஒரு கட்டையைத் தொட்டதும் டிரம்ஸ், பேஸ், கிடார், வயலின் கூட்டம் எல்லாம் எழுந்து வாசிக்கின்றன. வீடு முழுக்கக் கைதட்டுகிறது. குழந்தை இன்னும் ஒன்றும் செய்யவில்லை, அதற்குள் எல்லாம் செய்து முடித்த மகிழ்ச்சியைக் கொடுத்துவிட்டீர். அதற்கப்புறம் சரளி வரிசையை முதல் காலம், இரண்டாம் காலம் என்று அது எதற்காகச் சொல்ல வேண்டும்? டெமோ பாட்டை அழுத்தினால் குழந்தையின் விரல்கூட வேண்டாம். முழுப் பாட்டையும் நீரே வாசித்துக்கொள்கிறீர்.

ஹெட்ஃபோன் குழி உம்முடைய இன்னொரு நற்குணம். சொருகினால் ஸ்பீக்கர் அடங்கிவிடும், தெருவுக்குத் தொந்தரவில்லை. முன்பு கல்லிடைக்குறிச்சியிலோ வீரவநல்லூரிலோ ஒரு வீட்டில் சாதகம் நடந்தால் தெருவே கேட்டாக வேண்டும். தப்பு விழுந்தால் எதிர்த் திண்ணையிலிருந்து ஒரு குரல் வரும்: "ஏல, அந்த தைவதம் இறங்குது பாரு." யாரென்று தெரியாத ஒருவர் நடந்து போகிறபோது நின்று, கேட்டு, ஒன்றும் சொல்லாமல் போவார், அதுவும் ஒரு மதிப்பெண். பிள்ளைக்கு வாத்தியார் ஒருவர், காதுகள் ஐம்பது. இப்போது தப்பு பிள்ளையின் காதுக்குள்ளேயே பத்திரமாக இருக்கிறது. அரை மணி நேரம் யாரும் தொடாவிட்டால் நீரே அணைந்தும் போகிறீர். மின்சாரமும் மிச்சம்.

உம்மை வீட்டில் வைத்திருக்கிற பெற்றோருக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர். முதல் வருஷம் ஸ்டைல் பொத்தானைத் தொடவிடாதீர்கள். ஒரே ஒரு குரல், பியானோவோ ஆர்கனோ, போதும். டச் ரெஸ்பான்ஸை ஆன் செய்து வைத்தால் விரலுக்கு மென்மையும் அழுத்தமும் பழகும். பிள்ளை முதலில் வாயால் பாடட்டும், பாடியதைக் கட்டையில் தேடட்டும். கட்டையைப் பார்த்துப் பாட வேண்டாம். சக்கரத்தில் இடது கையை வைத்து, ஒரு ரிஷபத்தைக் காந்தாரம் வரை மெல்ல இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வாரத்தில் ஒருநாளாவது ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். இவ்வளவுக்கும் இந்த வித்வான் சம்மதிப்பார். அவர் எதற்கும் மறுப்புச் சொன்னதில்லை.

இனி உம்முடைய பெரிய புகழுக்கு வருகிறேன். கொடை மேடையில் நீர் ஏறியது.

முன்பெல்லாம் மெல்லிசைக் குழு என்றால் வேனில் இடம் பிடிக்க அடிதடி. அக்கார்டியன், டிரம்பெட், இரண்டு வயலின், பேஸ் கிடார், டிரம்ஸ், தபலா, பாங்கோஸ். அத்தனை பேருக்கும் ராத்திரிச் சாப்பாடு, விடியக்காலை டீ, கூலி. நீரும் ஒரு ரிதம் பேடும் வந்தபின் இரண்டு பேர் ஸ்கூட்டரில் வந்து இறங்குகிறார்கள். தலைக்கட்டு வரி பிரித்துக் கொடை நடத்துகிற ஊருக்கு இது பெரிய உபகாரம். பீடித் தொழிலையும் வயல் வேலையையும் நம்பி இருக்கிற வீடுகளிலிருந்து வருகிற காசு அது. ஆகவே இந்தச் சிக்கனத்தை நான் லேசாகப் பேசமாட்டேன். மிச்சமான அந்த எட்டுப் பேரில் டிரம்பெட் வாசித்தவரும் அக்கார்டியன் வாசித்தவரும் இப்போது என்ன செய்கிறார்கள் என்று கமிட்டிக் கணக்கில் எழுத இடமில்லை. அதனால் கணக்கு எப்போதும் சரியாக வருகிறது.

கோயில் பூஜை நேரத்தில் மின்சார மோட்டார் மணியையும் முரசையும் அடிக்கிற யந்திரம் உமக்குத் தம்பி முறை. சுவிட்சைப் போட்டால் ஓங்கி அடிக்கும், தூங்கிவிடாது. அவரையும் புகழ்ந்தாக வேண்டும், ஆனால் அவருக்கு உம்முடைய பெருமை கிடையாது. அவர் நேரத்தை மட்டும்தான் அறிவிக்கிறார். நீர் சாமியையே அழைக்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்.

வில்லுப்பாட்டை எங்கள் பக்கத்தில் கச்சேரி என்று யாரும் நினைப்பதில்லை. சத்திரம் புதுக்குளத்தில் 1928-இல் பிறந்த சுப்பு ஆறுமுகம் அதைச் சென்னை மேடைக்கும் வானொலிக்கும் கொண்டுபோய்ப் பேர் வாங்கிக் கொடுத்தார். 2021-இல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது. ஊரில் அதற்கு வேறு வேலை இருக்கிறது. சுடலைமாடன் கோயில் கொடையில், இசக்கியம்மன், முத்தாரம்மன் கோயில் கொடையில், தெய்வத்தின் பிறப்பிலிருந்து கதையைப் படித்துக்கொண்டே வருவார்கள். அண்ணாவி நடுவில் வீசுகோலால் வில்லை அடிக்க, வில்லில் கட்டிய மணிகள் குலுங்க, பக்கத்தில் குடம், உடுக்கை, கட்டை, சிங்கி. கதை நெருங்க வேண்டிய இடத்துக்கு நெருங்கும்போது சாமியாடிக்கு அருள் வர வேண்டும். ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்ற ஆய்வாளர் இந்தப் பாட்டையும் அருள் வருவதையும் சேர்த்துவைத்து ஆராய்ந்து 1988-இல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். கதையின் அந்த இடமும் ஆளின் அந்த நேரமும் ஒன்றுசேர்கிறதா என்பதுதான் ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பது.

அப்போது உடுக்கைக்காரரைப் பார்க்க வேண்டும். அவர் பார்வை உடுக்கையில் இருக்காது, அண்ணாவியிடமும் இருக்காது. சாமியாடியின் பாதத்தில் இருக்கும். கட்டைவிரல் தரையில் ஊன்றுகிறதா, குதிகால் எழும்புகிறதா, தோள் ஒருமுறை சிலிர்த்து அடங்கிவிட்டதா. தயக்கம் தெரிந்தால் அடியை விட்டுப் பிடிப்பார். ஒரு கணம் நிறுத்தக்கூடச் செய்வார். அந்த வெற்றிடத்தில் ஆள் தானாக ஓரடி முன்னே வருவான். வந்ததும் உடுக்கை அவனுக்குப் பின்னாலேயே ஓடி, அவனை முந்தாமல், விடாமல், ஏற்றிக்கொண்டே போகும். நாற்பது வருஷம் ஒரே ஊருக்கு வாசித்த உடுக்கைக்காரருக்கு, இந்தச் சாமியாடியின் அப்பனுக்கு எந்த அடியில் அருள் வந்தது என்பதும் நினைவிருக்கும். இறக்கிவிடுவதும் அவர் வேலைதான். ஆடி ஓய்ந்தவனைத் தாளத்தைக் குறைத்துக் குறைத்துத் தரையில் கொண்டுவந்து உட்கார வைப்பார்.

நீர் நிமிஷத்துக்கு 120 அடி என்று வைத்தால் 120. சாமியாடி தயங்கினாலும் 120, கீழே விழுந்தாலும் 120. பெருங்கூட்டம், வெடிச் சத்தம், குலவை, எதுவும் உம்மைக் கலைக்காது. இவ்வளவு மன உறுதி வேறு யாருக்கு இருக்கிறது? வேகம் மாற்ற வேண்டுமென்றால் வாசிக்கிறவர் பொத்தானை அழுத்தி 124 ஆக்கலாம், 130 ஆக்கலாம். அதற்கு அவர் உம்முடைய திரையைப் பார்க்க வேண்டும். திரையைப் பார்க்கிறவர் பாதத்தைப் பார்க்க முடியாது. அருள் வராமல் போனால் அது உம்முடைய குற்றமாகவும் ஆகாது. தாளம் ஒரு மாத்திரை பிசகவில்லையே. சாமியாடிதான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, இந்த வருஷம் என்னிடம் ஏதோ தீட்டு என்று வீட்டுக்குப் போவார். வயதானவர்கள் அவரைத்தான் விசாரிப்பார்கள். உம்மை யாரும் ஒரு வார்த்தை கேட்க முடியாது.

பல ஊர்களில் இப்போது கொடை நோட்டீஸில் மெல்லிசை பெரிய எழுத்தில் இருக்கிறது, வில்லுப்பாட்டு சிறிய எழுத்தில். விடிய விடியப் படித்த கதையை இரண்டு மணி நேரத்தில் முடிக்கச் சொல்கிறார்கள். சுடலை பிறந்து, மயானத்துக்குப் போய், ஊர்களுக்கு இறங்கி வருகிற நீண்ட கதையில் எதை வெட்டுவது என்று அண்ணாவிகள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்கள். வெட்டிய இடங்கள் நோட்டுப் புத்தகத்தில் இருக்கும், பாடாமல் இருக்கும். அந்த இடங்களுக்கு ஆடிய சாமிகளும் ஆடாமல் இருக்கும். எங்கள் பாட்டிமார் பெட்டியும் புடவையும் போல வைத்துப் போன சொத்து இது. பூட்டு உடையவில்லை, திறக்க நேரம்தான் இல்லை என்கிறோம்.

எங்கள் ஊர்க் கொடைக் கமிட்டி உமக்கு வாடகை பேசி முடித்துவிட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை. பிள்ளைகள் ஆடட்டும், முன்னிரவில் மேடை உம்முடையது. உடுக்கைக்காரரைக் கூப்பிடுவதா, அந்தச் செலவைக் குறைத்து நள்ளிரவுச் சாமக்கொடைக்கும் உம்மையே வாசிக்கச் சொல்வதா என்பதை மட்டும் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள். அந்தக் கூட்டத்துக்கு நான் போவேன். நீர் களைக்கமாட்டீர், சுருதி இறங்கமாட்டீர், அட்வான்ஸ் கேட்கமாட்டீர், யார் முகத்தையும் பார்க்கமாட்டீர் என்று இங்கே சொன்ன அத்தனை புகழையும் அங்கேயும் சொல்லுவேன். சொல்லிவிட்டு, சாமக்கொடைக்கு ஒரு மணி நேரம் முன்னால் உம்முடைய ஒயரைக் கழற்றிவிட வேண்டும் என்றும், உடுக்கைக்காரருக்கு அன்றைக்கே முன்பணம் கொடுத்தாக வேண்டும் என்றும், அவரோடு ஒரு பையனைத் துணைக்கு உட்கார வைத்துப் பாதத்தைப் பார்க்கப் பழக்க வேண்டும் என்றும் கேட்பேன். என் தலைக்கட்டு வரியை அந்தக் கணக்கில்தான் எழுதச் சொல்லப் போகிறேன்.